லிஸ்பனில் ஒரு மரப்பெஞ்சு

உலகத்திலேயே பிடித்த துறைமுகம் எது என்று எவரிஸ்தோவிடம் மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய பொழுது போயிற்று. பிலிப்பைன்ஸில் எங்கள் மியாகாவ் கடற்கரைக்கு மீன் வாங்க வந்தவர்கள், வாதுமை மரத்தடியில் அவரிடம் மாட்டிக்கொண்டு லிஸ்பன் வரைக்கும் போய்விட்டு, வெறுங்கூடையோடு வீடு திரும்பி வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு.

“எறங்கின உடனே படிக்கட்டு” என்று ஆரம்பிப்பார். கண் பாதி மூடிக்கொள்ளும். “மூணாவது திருப்பத்துல ஒரு மரப்பெஞ்சு. நடுச்சட்டம் கெடையாது, பாத்து உக்காரணும். பக்கத்துல ஒருத்தி மத்தி சுட்டு விப்பா. என்னப் பாத்தா ஒரு மீனு கூடப் போடுவா. தின்னுக்கிட்டே கீழ பாத்தா நம்ம கப்பல் சோப்புக்கட்டி அளவுக்குத் தெரியும்.”

“அந்த மீன்காரிக்கு என்ன வயசு?” என்று அவர் மனைவி சோலிங் எங்கிருந்தாவது குரல் கொடுப்பாள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். வால்பரைசோவில் நீலப் படிக்கட்டும் படிக்கொரு பூனையும். ஸான்ஸிபாரில் கிராம்பு மணக்கும் சந்து. அவர் சொல்லும்போது எங்கள் ஊர்க் கடல் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது போலவும், அந்த இடத்தில் வேறு ஏதோ ஊரின் வெளிச்சம் மிதப்பது போலவும் இருக்கும்.

ஒவ்வொரு ஜனவரியிலும் உலகத்தைச் சுற்றக் கிளம்பும் பெரிய வெள்ளைப் பயணிக் கப்பல் ஒன்றில் எவரிஸ்தோ பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். சலவையறையில். கப்பலில் சலவையறை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதற்கு ஜன்னல் கிடையாது. ஊரில் அவருக்குப் பெயர் என்னவோ கேப்டன். அதை அவர் திருத்தியதும் இல்லை, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்ததும் இல்லை. இத்தனை ஊர் பார்த்தவரிடம் ஒரு போட்டோகூட இல்லையே என்று யாராவது கேட்டால், கேமரா ஆப்பிரிக்காவின் தென்முனையில் கடலில் விழுந்துவிட்டது என்பார். பத்தொன்பது வருடத்தில் இன்னொன்று வாங்கியிருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள்.

கேட்கக்கூடிய ஒருத்திதான் அதை முழுசாக நம்பியிருந்தாள். ஒரே மகள், ரியாலின். ஏழு வயதிலிருந்து அப்பா விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் அவர் சொல்லும் துறைமுகங்களை எழுதி வைத்துக்கொண்டாள். லிஸ்பன் பெஞ்சைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாள். இருபத்தாறு வயதில், இலோய்லோ நகரத்து ஓட்டல் வேலையை விட்டுவிட்டு, அப்பா வேலை பார்த்த அதே கப்பலில் ரொட்டி அடுப்படிக்கு ஆளாகச் சேர்ந்தாள். பெட்டி கட்டியாயிற்று. செவ்வாய்க்கிழமை மணிலாவுக்கு விமானம். கப்பல் நூற்றுப் பத்து நாளில் நாற்பத்தோரு துறைமுகம் போகிறது.

எவரிஸ்தோவுக்கு இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை. மகள் பிரியப் போகிற கவலை என்று சோலிங் நினைத்தாள். அதுவும் இருந்தது. ஆனால் அவரை உள்ளே அரித்தது வேறு. அந்தப் பெண் லிஸ்பனில் இறங்கி மூன்றாவது திருப்பத்தில் பெஞ்சைத் தேடப் போகிறாள். தேடித் தேடி, கடைசியில் என்ன நினைக்கப் போகிறாள் அப்பாவைப் பற்றி?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, துவரையும் பன்றிக்கறியும் பலாக்காயும் போட்ட குழம்போடு சாப்பாடு முடிந்தது. ரியாலின் மேசையைத் துடைத்துவிட்டு நோட்டையும் ஒரு பென்சிலையும் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தாள்.

“பப்பா, படம் போட்டுக் குடுங்க.”

“என்ன படம்?”

“வழிதான். ரொட்டி அடுப்படியில ராத்திரி பூரா வேலை, பகல்ல ஃப்ரீ. எல்லா ஊர்லயும் எறங்கலாம். மொதல்ல லிஸ்பன். கப்பல்லேர்ந்து பெஞ்சுக்கு எப்படிப் போகணும்?”

“இப்பல்லாம் அந்த ஊரே மாறியிருக்கும், இந்தாய்.” இந்தாய் என்பது எங்கள் பக்கம் பெண் பிள்ளைகளை அழைப்பது. “இடிச்சுக் கட்டியிருப்பாங்க.”

“படிக்கட்ட யாராவது இடிப்பாங்களா? போடுங்க.”

எவரிஸ்தோ பென்சிலை எடுத்தார். தயங்காமல் கப்பலைப் போட்டார். இறங்கு பலகை, கப்பல் கயிறு கட்டும் இரும்பு முளைகள் ஆறு, அதில் மூன்றாவது கொஞ்சம் சாய்ந்தது. சுங்கக் கொட்டகை, அதன் ஓட்டில் விழுந்த ஓட்டை. தண்ணீர்க் குழாய், அதன் அருகே எப்போதும் படுத்திருக்கும் ஒரு நாய். கொட்டகைக்கு மேலே தூரத்தில் கோபுரக் கடிகாரம், பத்து நிமிடம் தாமதம். அவ்வளவு நுணுக்கமாகப் போட்டவர், கொட்டகையின் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். பென்சில் முனை காகிதத்தில் புள்ளியாகக் குத்திக்கொண்டு நின்றது.

“அப்புறம்?”

“வால்பரைசோவ மொதல்ல போட்டுடறேனே.”

பக்கத்தைத் திருப்பினார். மலை முழுக்க வீடுகள், எந்த வரிசையில் எந்த நிறம், விடியற்காலையில் எந்த விளக்கு முதலில் அணையும் என்பது வரை சொன்னார். பாரம் தூக்கிகளைப் போட்டார். வாயிற்கதவைப் போட்டார். அங்கே நின்றது பென்சில். ஸான்ஸிபார் வந்தது. அங்கேயும் பாய்மரப் படகுகள், அலைதடுப்புக் கல், காவல்காரனின் நாற்காலி. நாற்காலியோடு நின்றது.

ரியாலின் மூன்று படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். மாவு பிசைகிற பெண்தான், ஆனாலும் கணக்கில் கெட்டிக்காரி.

“பப்பா, எல்லாமே கப்பல் மேல நின்னு பாத்தா தெரியறதுதான்.”

அவர் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கேட்டத் தாண்டி ஒண்ணுமே இல்லியே. நீங்க எறங்கினீங்களா?”

வெளியே யாரோ சேவலை அதட்டும் சத்தம் கேட்டது. எவரிஸ்தோ பென்சிலைக் கீழே வைத்தார். அது உருண்டு நோட்டின் நடுவில் போய் நின்றது.

“இல்ல” என்றார்.

“லிஸ்பன்லயா?”

“எங்கயும் இல்ல.”

பத்தொன்பது வருடம், நூற்றுக்கணக்கான துறைமுகம், ஒன்றில்கூட இறங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த சாக்லேட்டும், காந்தப் பொம்மையும், சோலிங்கின் துப்பட்டியும் எல்லாம் கூட வேலை பார்த்தவர்கள் வாங்கி வந்தவை. கரை இறங்குகிறவர்களின் சட்டையை இவர் இஸ்திரி போட்டுக் கொடுப்பார், பதிலுக்கு அவர்கள் பொருளும் கதையும் கொண்டுவருவார்கள்.

ரியாலின் நோட்டை மூடினாள். அவள் கத்தியிருந்தால் தேவலை. “நான் எந்த ஊர நெனச்சு இந்த வேலைய கத்துக்கிட்டேன்?” என்று மெதுவாகக் கேட்டாள். “பள்ளிக்கூடத்துல எழுந்து நின்னு படிச்சேன் பப்பா. எங்கப்பா உக்காந்த பெஞ்சுன்னு படிச்சேன்.”

எவரிஸ்தோ சோலிங்கைப் பார்த்தார். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சி என்று ஒன்றும் இல்லை.

“உனக்குத் தெரியுமா?” என்றார்.

சோலிங் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி கறுப்புத் தோல் காலணியை எடுத்து வந்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அவர் முதன்முதல் கப்பலுக்குப் போகும்போது கரையில் போட்டு நடக்கவென்று நகரத்துக் கடையில் அவளே தேர்ந்தெடுத்து வாங்கியது. ஒவ்வொரு முறையும் பெட்டியில் எடுத்துப் போவார், எடுத்து வருவார். அதன் அடியில் கடைக்காரன் அச்சடித்த எண்கூட அழியவில்லை.

“மொத தடவ வந்தப்பவே பாத்துட்டேன், நோங்” என்றாள். வயதில் மூத்த கணவனை அவள் அப்படித்தான் அழைப்பாள். “பத்து மாசம் ஊர் சுத்தின மனுஷன் செருப்பு அடி இப்படியா இருக்கும்? அப்பவே கேக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஸான்ஸிபார் கதைய எடுத்து விட்டீங்க. நல்லா இருந்துச்சு. சரி, சொல்லட்டும்னு விட்டுட்டேன்.”

“பத்தொன்பது வருஷமாவா?”

“ஒவ்வொரு வருஷமும் புதுசா ஒரு ஊரு வந்துச்சே. நான் எதுக்கு வாயத் தொறந்து கெடுத்துக்கணும்? ஆனா ஏன் எறங்கலன்னுதான் எனக்கு விளங்கவே இல்ல. தூங்குமூஞ்சின்னு நெனச்சுக்கிட்டேன்.”

சொல்லாமல் இனி தப்ப முடியாது என்று எவரிஸ்தோவுக்குத் தெரிந்துபோயிற்று. அவர் காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

முதல் வருடம். கப்பல் லிஸ்பனில் நின்றிருந்தது. அவர் கப்பல் ஏறிய பின் வந்த முதல் துறைமுகம். குளித்து, தலை சீவி, இந்தக் காலணியைப் போட்டு, இறங்கு பலகைவரை வந்துவிட்டார். அப்போது பின்னாலிருந்து ஒருவன் ஓடிவந்து தகவல் தாளைக் கொடுத்தான். மூன்று வயது ரியாலினுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், மூக்கில் ரத்தம். சோலிங் அனுப்பிய இரண்டே வரி. அவர் திரும்பிக் கீழே இறங்கினார். உலர்த்தும் இயந்திரங்கள் இரண்டுக்கு நடுவில் அந்தச் சூட்டில் முழந்தாளிட்டார். எங்கள் பக்கத்து ஹாரோ கோவிலில் இருக்கும் மெழுகுவர்த்தி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். மாதாவே, என் பிள்ளைய எனக்குக் குடு. ஊர் மண்ணைத் தவிர வேற எந்த மண்ணுலயும் நான் கால் வெக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் பிள்ளை பிழைத்தாள்.

ரியாலின் தலை நிமிர்ந்து பார்த்தாள். சோலிங் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“எத்தன வருஷத்துக்குன்னு நேர்ந்துக்கிட்டீங்க?” என்றாள் சோலிங்.

எவரிஸ்தோ காதைச் சொறிந்தார். “அதான் சொல்ல மறந்துட்டேன்.”

“என்னது?”

“அவசரத்துல வருஷம் சொல்லல.”

எங்கள் பக்கத்தில் நேர்த்திக்கடன் வைக்காத வீடு இல்லை. ஆனால் யாராக இருந்தாலும் கெடு வைத்துத்தான் நேர்ந்துகொள்வார்கள். ஒன்பது நாள், மூன்று வருடம், மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை. மாதாவுக்கும் கணக்கு தெரிய வேண்டாமா? பக்கத்து வீட்டு ஒனோஃப்ரே ஏழு பெரிய வெள்ளிக்குச் சிலுவை சுமப்பதாக நேர்ந்து, ஐந்தாம் வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டபோது, மீதி இரண்டையும் அவன் பிள்ளை ஏற்றுக்கொண்டு சுமந்தான். அப்படி ஏற்பதும் இங்கே வழக்கந்தான். ஏற்கிற பிள்ளை சாமி முன்னால் நின்று சொன்னால் போதும். ஆனால் முடிவே இல்லாத ஒன்றை யார் ஏற்பது, யார் முடிப்பது?

“பாதிரியார்கிட்ட கேட்டிருந்தா அவுத்து விட்டிருப்பாரே” என்றாள் சோலிங். அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “வாய் இருக்குதானே? லிஸ்பன்லேர்ந்து ஸான்ஸிபார் வரைக்கும் பேசுதே, அந்த வாய்.”

“கேட்டா, பிள்ளைக்குத் திரும்ப ஏதாவது வந்துட்டா?”

சோலிங் கவிழ்த்து வைத்த காலணியை நிமிர்த்தி வைத்தாள்.

“இங்கிலாந்துல போய்த்தானே கப்பல் ஏறுவீங்க” என்றாள் ரியாலின். அவள் குரல் இன்னும் இளகவில்லை. “அது வேற மண்ணு இல்லியா?”

“ரப்பர் செருப்பு ஞாபகம் இருக்கா? உள்ள மணல் ஒட்டியிருக்குமே.”

“கால் வலிக்கு நல்லதுன்னு சொன்னீங்களே.”

“நம்ம கடற்கரை மணல் அது. பசை போட்டு ஒட்டினேன். விமானத்துலேர்ந்து கப்பல் வரைக்கும் அதுமேலதான் நடப்பேன். எங்க போனாலும் என் கால் மியாகாவ் மண்ணுலதான் இருந்துச்சு.”

சோலிங் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

ரியாலின் நோட்டின் மூலையை மடித்து மடித்து விரித்தாள். தன் உயிருக்காக ஒரு மனிதர் உலகத்தின் வாசலில் பத்தொன்பது வருடம் நின்றிருக்கிறார் என்பதை ஒரு மத்தியானத்துக்குள் எப்படி விழுங்குவது? கடைசியில் நோட்டைத் திறந்து வெள்ளைப் பக்கம் ஒன்றை எடுத்தாள்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ அதச் சுமப்ப. பிள்ளைக்கு எதுக்கு?”

“சரி. அந்தப் பெஞ்ச ஏன் சொன்னீங்க? மீன்காரி, பூனை, அதெல்லாம் எங்கேர்ந்து எடுத்தீங்க?”

“எதையும் நான் சும்மா சொல்லல” என்றார் எவரிஸ்தோ. அவர் கண் பாதி மூடிக்கொண்டது. “எல்லாம் அழுக்குத் துணியில வந்துச்சு.”

பிறகு அவர் சொன்னதைத்தான் நான் அவருடைய உண்மையான பயணம் என்பேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கப்பல் கட்டை அவிழ்க்கும். ஆறு மணிக்கு மூட்டை மூட்டையாக அன்றைய ஊர் கீழே இறங்கி வரும். சட்டைப்பையில் விலையுள்ளது எது இருந்தாலும் உறையில் போட்டு, அறை எண் எழுதி மேலே அனுப்பிவிட வேண்டும். மணலுக்கும் பூவிதழுக்கும் உறை கிடையாது. அதெல்லாம் அவருக்கு. கால்சட்டை மடிப்பை உதறினால் மேசைமேல் ஒரு கடற்கரை விழும். சில ஊரில் மணல் வெள்ளை, சில ஊரில் கறுப்பு, ஓரிடத்தில் இளஞ்சிவப்பு. அதை விரலால் பரப்பிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால், இயந்திரங்களின் இரைச்சல் மெல்ல மெல்ல அலையாகிவிடும்.

“ஸான்ஸிபார் துணிய மூணு தண்ணி அலசினாலும் கிராம்பு போகாது. அடுத்த நாள் அந்த வாசனையிலதான் தலைகாணி உறையெல்லாம் மேல போகும். ரெண்டாயிரம் பேர் அன்னிக்குக் கிராம்புமேல படுத்துத் தூங்குவாங்க, யாருக்கும் தெரியாது. வால்பரைசோவுல பூனை ஜாஸ்தின்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு கால்சட்டையிலயும் முட்டிக்குக் கீழ மயிரு. சந்து ரொம்பக் குறுகல். எப்படிச் சொல்றேன்? ரெண்டு முழங்கையிலயும் நீல வண்ணம் ஒட்டியிருக்கும்.”

“மெட்ராஸ்?” என்றாள் சோலிங், நோட்டில் இருந்த ஒரு பெயரை நினைவு வைத்து.

“மெட்ராஸ் பொல்லாத ஊரு. நாருல கட்டின மல்லி வாடினப்புறமும் பையில மணக்கும். அது சரி. ஆனா வெள்ளச் சட்டையில மஞ்சக் கறையோட வருவாங்க. எந்தச் சோப்புக்கும் போகாது. வெயில்ல போட்டாத்தான் போகும். தண்ணிக்கு அடியில நான் வெயிலுக்கு எங்க போவேன்? அந்தச் சட்டைய மட்டும் எடுத்துக்கிட்டு மேல்தட்டுக்குப் போயி, கொடியில போட்டுட்டு, பக்கத்துலயே நானும் காஞ்சுக்கிட்டு நிப்பேன். ஊரு பின்னால போயிக்கிட்டே இருக்கும்.”

“பெஞ்சு?” என்றாள் ரியாலின். எழுதிக்கொண்டிருந்த கை நின்றிருந்தது.

“ரெண்டாவது வருஷம் லிஸ்பன்ல ஏழு கால்சட்டை, மூணு பாவாடை, எல்லாத்துக்கும் உக்கார்ற எடத்துல பச்ச வண்ணம். கோடு கோடா. நடுவுல மட்டும் ஒரு கோடு எடைவெளி. ஒரே மாதிரி பத்துத் துணி. அப்போ என்ன அர்த்தம்? எங்கயோ புதுசா வண்ணம் அடிச்ச பெஞ்சு, நடுச்சட்டம் இல்ல. எல்லாத்துலயும் சுட்ட மத்தி வாசம். அப்போ பக்கத்துல யாரோ மீன் சுடறாங்க. மூச்சு வாங்கற எடத்துலதானே பெஞ்சு போடுவாங்க? அப்போ படிக்கட்டு. மூணாவது திருப்பம்ங்கறதுதான் நானாச் சேத்தது.”

“கப்பல் சோப்புக்கட்டி மாதிரி தெரியும்னது?”

“அதுவும்தான்” என்றார் எவரிஸ்தோ. “தூரத்துலேர்ந்து அந்தக் கப்பல நான் பாத்ததே இல்ல, இந்தாய்.”

ரியாலின் எழுந்து வெளியே போனாள். மாலை வரை கடற்கரையில் நடந்தாள். மன்னித்தாளா இல்லையா என்று அவள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை, ஹாரோ கோவிலுக்குப் போய்விட்டு வரலாம் என்று அவளே சொன்னாள். கடலுக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் போவார்கள், அதனால் எவரிஸ்தோ அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மாதா நிற்கும் மாடத்துக்கு வெளிப்படி ஏறிப் போக வேண்டும். அவர் முட்டி வலியோடு கீழேயே நின்றுகொண்டார். மேலே அவள் வெகுநேரம் உதட்டை அசைத்துக்கொண்டு நின்றது தெரிந்தது. இறங்கி வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அந்தக் கறுப்புச் செருப்ப எனக்குக் குடுங்க.”

“ஆம்பிளச் செருப்பு. உனக்கு ரெண்டு விரக்கட பெருசா இருக்கும்.”

“குடுங்க.”

கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அவள் போனாள்.

அதற்கப்புறம் வாதுமை மரத்தடியில் அவர் துறைமுகக் கதை சொல்லவில்லை. யாராவது லிஸ்பனைக் கேட்டால், மகள் போயிருக்கிறாள், வந்து சொல்வாள் என்று முடித்துக்கொண்டார். ஊருக்கே ஏதோ வற்றிப்போன மாதிரி இருந்தது. மகள் வாரம் ஒருமுறை கப்பலிலிருந்து பேசினாள். ரொட்டி, தூக்கம், அலை, அறைத்தோழியின் குறட்டை எல்லாம் பேசினாள். இறங்கிய ஊர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டார். தகும் என்றும் நினைத்தார்.

ஜூன் மாத மழையில் பெட்டி வந்தது. சாக்லேட், சவர்க்காரம், சோலிங்குக்கு ஒரு துப்பட்டி. அடியில், துணியில் சுற்றி அந்தக் காலணி.

எவரிஸ்தோ அதை அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கறுப்பு சாம்பலாகியிருந்தது. குதி ஒரு பக்கமாகத் தேய்ந்து, அடியில் அச்சடித்த எண் போய், முனையில் தையல் விட்டிருந்தது. பக்கவாட்டில் நீல வண்ணத் தீற்றல். தோலின் மடிப்புகளில் வெள்ளை, கறுப்பு, இளஞ்சிவப்பு என்று மணல். அவர் மூக்கருகே கொண்டுபோனார். பத்தொன்பது வருடத்து மூக்கு அது. தையலுக்குள் எங்கோ கிராம்பு இருந்தது.

வலது காலணிக்குள் ரொட்டிக்கு அடியில் போடும் எண்ணெய்க் காகிதத்தில் எழுதிய கடிதம். சோலிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

“பப்பா, நாற்பத்தொன்றிலும் இறங்கிவிட்டேன். ஒவ்வோர் ஊரிலும் முதல் அடி இந்தச் செருப்பில்தான். மூன்று சாக்ஸ் போட்டு நடந்தேன், எல்லாரும் சிரித்தார்கள். ஸான்ஸிபார் சந்து நீங்கள் சொன்னதைவிட அகலம். லிஸ்பனில் மூன்றாவது திருப்பத்தில் ஒன்றும் இல்லை. நான்கிலும் ஐந்திலும் இல்லை. ஆறாவது திருப்பத்தில் இருக்கிறது. இப்போது சிவப்பு வண்ணம். நடுச்சட்டம் மட்டும் வேறு மரம், பிறகு யாரோ போட்டிருக்கிறார்கள். அரைமணி நேரம் உட்கார்ந்தேன். மீன்காரி இல்லை, ஆனால் மத்தி வாசம் எங்கிருந்தோ வந்தது. படம் வைத்திருக்கிறேன், பாருங்கள்.”

இடது காலணிக்குள் போட்டோ. கீழே ஓட்டுக் கூரைகள், அதற்கப்பால் ஆறு, ஆற்றில் வெள்ளையாக, கைக்குள் அடங்குகிற சோப்புக்கட்டியாக, அவருடைய கப்பல். எவரிஸ்தோ அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே எங்கே சலவையறை இருக்கும் என்று விரலால் தேடினார். அங்கே வெறும் ஆறுதான் தெரிந்தது.

“போட்டுப் பாருங்க” என்றாள் சோலிங்.

“முடியாது.”

“உங்க செருப்புதானே?”

“உள்ள பூராவும் வேற ஊர் மண்ணு. மணல் ஒட்டின செருப்புல நின்னா அது மியாகாவ் மண்ணுன்னு நான்தானே சொன்னேன்? அப்போ இதுல கால் வெச்சா என்ன கணக்கு?”

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. காலணியை மேசைமேல் தள்ளி வைத்தார். சோலிங் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பினாள். பின்பக்கத்தில் நாலே வரி.

“ஹாரோவில் மாதா முன்னால் நின்று உங்கள் நேர்த்திக்கடனை நான் ஏற்றுக்கொண்டேன். கெடு இல்லாமல் வைத்தது உங்கள் தப்பு, அதனால் கெடுவை நான் வைத்தேன். நாற்பத்தோரு ஊர், உங்கள் செருப்பு, என் கால். அது முடிந்துவிட்டது. இனிமேல் உங்களுக்குக் கடன் இல்லை பப்பா.”

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. எவரிஸ்தோ நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. சோலிங் காலணியைக் கையில் எடுத்து, வெளியே கொண்டுபோய்த் தட்டிவிட்டு வரலாம் என்று வாசல் பக்கம் திரும்பினாள்.

“தட்டாத” என்றார், உலகத்தின் அழுக்கையெல்லாம் பத்தொன்பது வருடம் வெளுத்தவர். “இங்க குடு.”

அவள் அவர் காலடியில் வைத்தாள். அவர் வலது காலை முதலில் விட்டார். நரநரவென்று மணல் உள்ளங்காலில் உறுத்தியது. இடது காலையும் விட்டார். எழுந்து நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் நடந்தார், திரும்பி வந்தார்.

“எப்படி இருக்கு?” என்றாள் சோலிங்.

“லிஸ்பன் கொஞ்சம் உறுத்துது” என்றார் எவரிஸ்தோ. இன்னொரு முறை நடந்தார்.